பேராசிரியர்களின் பணிமூப்பும் பதவி உயர்வும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனியாரிட்டித் தகராறு என்று ஒன்று வந்துவிட்டால், இருபது வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூமில் டிபன் பகிர்ந்து சாப்பிட்டவர்கள்கூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆசிரியர் சங்க வேலையில் இருப்பதால் வேலூர், காட்பாடி, மேல்விஷாரம், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று பல கல்லூரிகளிலிருந்து இந்தக் கேள்விகள் எனக்கு வருகின்றன. பெரும்பாலானவை பகையால் வந்த பிரச்சினை இல்லை, எந்தத் தேதி எதற்குச் செல்லும் என்று தெரியாததால் வந்தது. அதனால் அடிக்கடி வருகிற கேள்விகளை எடுத்து, தெரிந்த வரையில் நேராகப் பதில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு எந்த விதி பொருந்தும் என்பதே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து. நம் ஊரில் சில கிலோமீட்டருக்குள் நாலு வகைக் கல்வி நிறுவனமும் இருக்கின்றன. முத்துரங்கம் அரசுக் கலைக் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரியில் இருந்தால் நீங்கள் அரசு ஊழியர், மாநில அரசின் பணி விதிகள்தான் பேசும். ஊரிசு, அப்துல் ஹக்கீம், இஸ்லாமியா மாதிரி அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம், அதோடு சிறுபான்மை நிறுவனமா இல்லையா என்ற கேள்வி. சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகளில் வேலை என்றால் அந்தப் பல்கலைக்கழகச் சட்டமும் ஸ்டாட்யூட்டும் (அதன் உள்விதிகள்). சுயநிதி அல்லது நிகர்நிலை என்றால் கதையே வேறு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே யூஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், ஒழுங்குமுறைகள் (2010, பிறகு 2018) நிற்கின்றன. ஆனால் யூஜிசி சொல்லிவிட்டது என்பதற்காக மட்டும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எல்லாமே தானாக அமலுக்கு வந்துவிடாது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமன வழக்கில் 2015ல் உச்ச நீதிமன்றம், மாநில அரசு ஏற்றுக்கொண்ட அளவுக்குத்தான் 2010 ஒழுங்குமுறை கட்டுப்படுத்தும் என்றது. பின்னால் 2022ல் குஜராத் துணைவேந்தர் வழக்கில் யூஜிசி விதிதான் மேலோங்கும் என்று வேறு மாதிரியும் தீர்ப்பு வந்தது. வக்கீல்கள் இரண்டையும் வைத்து வாதாடுகிறார்கள். ஆகவே மனு எழுதும்போது யூஜிசி ஒழுங்குமுறையோடு, அதை ஏற்றுத் தமிழக அரசு போட்ட ஆணையையும் சேர்த்துக் காட்டுங்கள். 2018 ஒழுங்குமுறைக்கு அந்த ஆணை 2021 ஜனவரியில்தான் வந்தது.

எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்கு சிஏஎஸ் (பணி முன்னேற்றத் திட்டத்தில் வரும் உயர்வு) முதலில் கிடைத்துவிட்டது. அவர் இப்போது எனக்கு சீனியரா?

அதிகம் வரும் கேள்வி இதுதான், அதிகம் மனக்கசப்பு உண்டாவதும் இதில்தான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சிஏஎஸ் என்பது காலியிடத்தை நிரப்பும் பதவி உயர்வு இல்லை. அது அந்த ஆளுக்குச் சொந்தமானது. அவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் பழையபடி உதவிப் பேராசிரியர் இடமாகிவிடும். உதவிப் பேராசிரியருக்குள்ளேயே சம்பள லெவல் 10லிருந்து 11க்கும் 12க்கும் போவது சம்பளமும் கிரேடும் ஏறுவதுதான், பதவி அதேதான். எனவே பி.எச்.டி. இருந்ததால் அவர் நாலு வருஷத்தில் லெவல் 11 போய், நீங்கள் அது இல்லாமல் ஆறு வருஷத்தில் போனீர்கள் என்றால், அவர் சம்பளம் கூட வாங்கலாம், ஆனால் உதவிப் பேராசிரியர் பட்டியலில் உங்களுக்கு மேலே ஏறுவதற்கு அது மட்டும் காரணம் ஆகாது.

நிலைமை மாறுவது லெவல் 13ஏ, அதாவது இணைப் பேராசிரியர் ஆகும்போது. அங்கே பதவிப் பெயரே மாறுகிறது. நேரடியாக இணைப் பேராசிரியராக வந்தவருக்கும் சிஏஎஸ் வழியாக வந்தவருக்கும் இடையில் யார் மூத்தவர் என்பதற்கு யூஜிசி தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது: நேரடி நியமனத்துக்குப் பணியில் சேர்ந்த தேதி, சிஏஎஸ்காரருக்குத் தேர்வுக்குழு பரிந்துரையில் குறித்த தகுதி தேதி. ஆர்டர் கையில் வந்த தேதி இல்லை.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு மேடம் பி.எச்.டி.யோடு 1.7.2008ல் உதவிப் பேராசிரியராகச் சேர்கிறார். நாலு, ஐந்து, மூன்று என்று மொத்தம் பன்னிரண்டு வருஷம், 1.7.2020ல் இணைப் பேராசிரியருக்குத் தகுதி வந்துவிட்டது. காலத்தில் விண்ணப்பித்தார். ஆனால் தேர்வுக்குழு கூடியது 2023 மார்ச்சில். இதற்கு நடுவில் 2022 ஜனவரியில் ஒரு சார் நேரடியாக இணைப் பேராசிரியராகச் சேர்ந்துவிட்டார். அந்த சார், மேடத்தின் ஆர்டர் தேதியைக் காட்டி நான்தான் சீனியர் என்பார். செல்லாது. குழு 1.7.2020 என்று குறித்திருந்தால் மேடம்தான் மூத்தவர்.

ஆனால் இதே மேடம் முதல் தடவை தேர்வுக்குழுவில் தேறாமல் 2023ல் இரண்டாவது தடவை தேறியிருந்தால், 2023தான் அவர் தேதி. அப்போது அந்த சார் மூத்தவர். ரெஃப்ரெஷர் கோர்ஸ் (புத்தாக்கப் பயிற்சி) ஒன்று பாக்கி இருந்து அதை 2022 டிசம்பரில் முடித்து அப்புறம் விண்ணப்பித்தார் என்றாலும் தகுதி முழுமையான அந்த நாள்தான் கணக்கு. ஒரு ரெஃப்ரெஷரைத் தள்ளிப்போட்டதால் பட்டியலில் இடம் கீழே போனவர்களை நிறையப் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். தகுதி வரும் வருஷத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு, கோர்ஸ் இடம் கிடைக்கிறதோ இல்லையோ, விண்ணப்பித்ததற்கு அத்தாட்சியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் சேர்ந்தோம். அவர் முற்பகல், நான் பிற்பகல். யார் சீனியர்?

ஒரே தேர்வில் வந்தவர்கள் என்றால் முற்பகல் பிற்பகல் எல்லாம் பேச்சே இல்லை, தேர்வுப் பட்டியலில் யார் முன்னால் என்பதுதான். அரக்கோணத்திலிருந்து ரயில் தாமதமாக வந்து ஒருவர் மதியம் கையெழுத்துப் போட்டால் அவருடைய ரேங்க் போய்விடாது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், ரோஸ்டர். தமிழ்நாட்டில் 200 புள்ளி இனச்சுழற்சி முறையில் யாருக்கு எந்த இடம் என்று ஒதுக்குகிறார்கள். அந்தச் சுழற்சி வரிசையையே சீனியாரிட்டி வரிசையாகவும் வைத்தார்கள், 2016ஆம் ஆண்டின் அரசு ஊழியர் பணி நிபந்தனைச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் அதைச் சட்டமாகவும் ஆக்கினார்கள். 2019 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. இடஒதுக்கீடு வேலைக்குள் வருவதற்கு. வந்த பிறகு வரிசை, தேர்வில் பெற்ற தரவரிசைப்படிதான் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொன்னது. அந்த வழக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு பற்றியது. ஆனால் ஆசிரியர் தேர்வு வாரியம் மூலம் அரசுக் கல்லூரிக்கு வந்தவர்களும் தங்கள் வாதத்துக்கு இதையே பிடித்துக்கொள்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

காலியிடம் ஏற்பட்ட வருஷத்திலிருந்து சீனியாரிட்டி கேட்கலாமா? நியமனம் தாமதமானது அரசின் தவறுதானே?

கேட்கலாம், பெரும்பாலும் கிடைக்காது. 2019 நவம்பரில் மணிப்பூர் காவல் அதிகாரிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: நீங்கள் பணிக்குள் வருவதற்கு முந்தைய தேதியிலிருந்து சீனியாரிட்டி கிடையாது.

கெஸ்ட் லெக்சரராக ஏழு வருஷம் இருந்தேன். அதைச் சேர்ப்பார்களா?

இதில் இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிஏஎஸ்ஸுக்குச் சேர்ப்பார்களா என்பது ஒன்று, சீனியாரிட்டிக்குச் சேர்ப்பார்களா என்பது வேறு.

சிஏஎஸ்ஸுக்கு 2018 ஒழுங்குமுறை ஒரு வழி வைத்திருக்கிறது. அந்தத் தற்காலிக வேலைக்கும் நிரந்தர வேலைக்குரிய அதே கல்வித்தகுதி இருந்திருக்க வேண்டும், முறையாக அமைத்த தேர்வுக்குழு எடுத்திருக்க வேண்டும், வாங்கிய மொத்தச் சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியர் மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். மூன்றாவதில்தான் நம் ஆட்கள் அடிபடுகிறார்கள். நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். தொகுப்பூதியத்தில் உழைத்த கெஸ்ட் லெக்சரர் யார் இதைத் தொட்டிருப்பார்கள்? அதே வகுப்பு, அதே விடைத்தாள், அதே நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலை எல்லாம் செய்துவிட்டு, சம்பளம் குறைவாகக் கொடுத்ததையே காரணம் காட்டி அந்த வருஷங்களையும் பறிப்பது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் இன்றைய விதி அதுதான், அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

சீனியாரிட்டிக்கு 1990ல் அரசியல் சாசன அமர்வு சொன்ன மகாராஷ்டிர நேரடி நியமனப் பொறியாளர்கள் வழக்குதான் இன்றும் அடிப்படை. விதிப்படி நியமனமானால் நியமன நாளிலிருந்து கணக்கு, நிரந்தரப்படுத்திய நாளிலிருந்து இல்லை. விதிப்படி இல்லாத இடைக்கால ஏற்பாடானால் அந்தக் காலம் சேராது. உங்கள் முதல் ஆர்டரில் என்ன வார்த்தை எழுதியிருக்கிறது என்பதை எடுத்துப் பாருங்கள்.

உதவி பெறும் கல்லூரியில் 1999ல் சேர்ந்தேன், ஒப்புதல் 2001லிருந்துதான் கொடுத்திருக்கிறார்கள். எந்தத் தேதி?

இது நம் பக்கத்துக்கே உரிய சிக்கல். 2002ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கும் வரை வட ஆற்காட்டுக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. அந்தக் காலத்து ஆசிரியர்களின் தகுதி ஒப்புதல் சேப்பாக்கத்திலிருந்து வந்தது, பணி நியமன ஒப்புதல் இங்கே வேலூர் மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து. இரண்டும் இரண்டு தாள், இரண்டு தேதி. அரசு மானியச் சம்பளத்துக்கு நியமன ஒப்புதல் எந்த நாளிலிருந்து என்பது முக்கியம். கல்லூரிக்குள் யார் மூத்தவர் என்பதற்கு, அனுமதிக்கப்பட்ட இடத்தில் முழுத்தகுதியோடு நீங்கள் உண்மையில் சேர்ந்த நாளைக் காட்டி வாதாட இடம் இருக்கிறது. ஆனால் 1999ல் உங்களுக்கு ஸ்லெட், நெட் தகுதித் தேர்வு மாதிரி வேண்டிய தகுதி இல்லாமல் 2001ல்தான் வந்தது என்றால், 2001ஐத் தாண்டிப் பின்னால் போக முடியாது.

பட்டியல் தவறு என்று அப்போதே தெரியும். பகை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆறு வருஷம் ஆச்சு, இப்போது கேஸ் போடலாமா?

போடலாம், ஆனால் பெரும்பாலும் தோற்பீர்கள். கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், நல்ல கேஸ்கள் இந்த ஒரே காரணத்தால் செத்துப்போகின்றன.

உயர் நீதிமன்றத்தில் நேராகப் போடும் ரிட் மனுவுக்குச் சட்டத்தில் இத்தனை நாள் என்று கெடு இல்லை என்பது உண்மை. அதை நம்பித்தான் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் சீனியாரிட்டியை எதிர்க்க மூன்று நாலு வருஷம்தான் நியாயமான காலம் என்று ஒடிசா வழக்கு ஒன்றில் 2010ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு மாநில மற்றும் சார்நிலைப் பணி விதிகளின் 35ஆம் விதியிலேயே, சீனியாரிட்டியைத் திருத்தக் கேட்பதற்கு மூன்று வருஷக் கெடு நெடுங்காலமாக இருந்தது. காரணம் எளிது: உங்களுக்கு மேலே இருப்பவர் அந்த இடத்தை நம்பி அடுத்தடுத்த பதவிக்குப் போயிருப்பார், அதை ஆறு வருஷம் கழித்துக் கலைக்கக் கோர்ட் தயங்கும்.

சம்பளத்தைத் தவறாக நிர்ணயித்தது வேறு. அது மாதாமாதம் தொடரும் தவறு, தாமதமாகப் போனாலும் கேட்கலாம், பாக்கியை மட்டும் பெரும்பாலும் மூன்று வருஷத்துக்குள் நிறுத்திவிடுவார்கள். 2008ல் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைச் சொல்லும்போதே, மற்றவர்களின் உரிமையைத் தொடும் சீனியாரிட்டிக்கும் பதவி உயர்வுக்கும் இந்தச் சலுகை இல்லை என்றும் சேர்த்தே சொன்னது.

எனவே வரைவுப் பட்டியல் சுற்றுக்கு வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். சர்க்குலர் நோட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். பெயருக்கு நேராக வெறும் இனிஷியல் போட்டுவிட்டு வகுப்புக்கு ஓடாதீர்கள். தேதியோடு கையெழுத்துப் போடுங்கள், பட்டியலை போனில் படம் எடுங்கள், ஆட்சேபனைக்குக் கொடுத்திருக்கும் கடைசி நாளைக் குறியுங்கள். அந்த நாளுக்குள் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: என் வரிசை எண் இது, இருக்க வேண்டியது இது, காரணம் இந்த ஆர்டர். மேலே இருப்பவரைப் பற்றி ஒரு சொல் தப்பாக எழுத வேண்டாம். அலுவலக நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். பகை வராமல் சீனியாரிட்டியைக் காப்பாற்ற முடிகிற ஒரே நேரம் ஆட்சேபனைக்குக் கொடுக்கும் அந்த நாட்கள்தான்.

வருஷா வருஷம் மனு கொடுத்துக்கொண்டே இருந்தால் கெடு நீளுமா?

நீளாது. செத்துப்போன கோரிக்கை, மனு கொடுப்பதால் உயிர் பெறாது என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2008ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. “மனுவைப் பன்னிரண்டு வாரத்தில் பரிசீலிக்கவும்” என்று உயர் நீதிமன்றத்தில் ஒரு ஆர்டர் வாங்கிவிட்டு ஜெயித்துவிட்டோம் என்று ஸ்வீட் கொடுக்கிறார்கள். அது ஜெயிப்பு இல்லை. பரிசீலித்து நிராகரிக்கிறோம் என்று ஒரு தாள் வரும், அதை எதிர்த்து மறுபடி போக வேண்டும். கேஸ் வலுவாக இருந்தால் பட்டியலையே நேராக எதிர்க்கும்படி வக்கீலிடம் கேளுங்கள்.

யாரை எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும்? சக ஊழியரைச் சேர்க்க மனசு வரவில்லை.

சேர்த்தே ஆக வேண்டும். யாருடைய இடம் கீழே போகுமோ அவரைக் கேட்காமல் கோர்ட் ஆர்டர் போடாது. 1984லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்த விஷயம் இது. பாதிக்கப்படுபவர்கள் நிறையப் பேர் என்றால் சிலரைப் பிரதிநிதிகளாகவாவது சேர்க்க வேண்டும். முன்கூட்டியே அவரிடம் போய், சார், உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, சட்டப்படி உங்கள் பெயர் வரும் என்று சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் வீட்டுக்குப் போய் அவர் மனைவி பிரித்துப் படிப்பதைவிட அது நல்லது.

வேலூரும் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் சென்னை முதன்மை அமர்வுக்குத்தான் வரும், மதுரைக் கிளைக்கு இல்லை. தனி நீதிபதி தீர்ப்பு பாதகமாக வந்தால் முப்பது நாளுக்குள் ரிட் அப்பீல். இடைக்காலத்தில் பதவி உயர்வுக்கே ஸ்டே கிடைப்பது அரிது. வழக்கின் முடிவுக்கு உட்பட்டது என்று ஒரு வரி வாங்கினாலே உங்கள் உரிமை காப்பாற்றப்படும்.

நான்தான் சீனியர், ஆனால் வேறொருவரை முதல்வர் ஆக்கிவிட்டார்கள்.

மூன்று விஷயம் பாருங்கள். முதலில் தகுதி. 2018 ஒழுங்குமுறைப்படி முதல்வராக பி.எச்.டி., மொத்தம் பதினைந்து வருஷ அனுபவத்தோடு இணைப் பேராசிரியர் அல்லது பேராசிரியர் நிலை, குறைந்தது பத்து ஆய்வுக் கட்டுரை, 110 ஆய்வு மதிப்பெண் வேண்டும். இது இல்லாத மூப்பு உதவாது.

இரண்டாவது, சிறுபான்மைக் கல்லூரியா? நம் மாவட்டங்களில் கிறிஸ்தவ, இஸ்லாமியக் கல்லூரிகள் பல. 2006ல் மலங்கரா சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், தகுதியுள்ள ஒருவரை முதல்வராகத் தேர்ந்தெடுப்பது சிறுபான்மை நிர்வாகத்தின் உரிமை, மூத்தவரைத் தாண்டியும் எடுக்கலாம், அரசு உதவி வாங்குவதால் அந்த உரிமை போகாது என்றது. முப்பது வருஷம் உழைத்தவருக்கு இது வலிக்கும், தெரியும். ஆனால் எடுக்கப்பட்டவருக்குத் தகுதியே இல்லை என்று காட்ட முடிந்தால்தான் கேஸ் நிற்கும்.

மூன்றாவது, சிறுபான்மை இல்லாத உதவி பெறும் கல்லூரி என்றால் நிர்வாகத்துக்கு அந்த அளவு சுதந்திரம் இல்லை. உங்களைப் பரிசீலிக்கவே இல்லை என்றால் வலுவான கேஸ். பதவி உயர்வு அடிப்படை உரிமை இல்லை, ஆனால் பரிசீலிக்கப்படுவது அடிப்படை உரிமை.

விசாரணை வரப்போகிறது என்று சொல்லி பதவி உயர்வுப் பேனலிலிருந்து (தகுதியானவர்கள் பட்டியல்) பெயரை எடுத்துவிட்டார்கள்.

வரப்போகிறது என்பது போதாது. சார்ஜ் மெமோ கொடுத்திருக்க வேண்டும், அல்லது குற்றவழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்க வேண்டும் என்று 1991ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பேனலுக்கான முக்கியத் தேதியில் 17(பி) மெமோ (பெரிய தண்டனைக்கான சார்ஜ் மெமோ) உங்கள் கையில் வந்திருந்ததா என்று பாருங்கள். வெறும் புகார், விளக்கம் கேட்ட கடிதம் இதெல்லாம் தடை ஆகாது.

துறைத்தலைவர் பதவி சுழற்சியில் போகிறது. சீனியரான நான் ஜூனியருக்குக் கீழே வேலை செய்வதா?

துறைத்தலைவர் என்பது பொறுப்பு, பதவி உயர்வு இல்லை. உங்கள் பல்கலைக்கழக ஸ்டாட்யூட்டில் சுழற்சி என்று இருந்தால் அதுதான். உங்கள் பணிமூப்பு அதனால் குறையாது.

வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததே, சீனியாரிட்டி பாதிக்குமா?

பாதிக்காது. 2019ல் பிரிந்தது வருவாய் மாவட்டம், கல்லூரிப் பணிமூப்பு அதை வைத்து இல்லை.

சுயநிதிக் கல்லூரியில் இருக்கிறேன். எனக்கு என்ன வழி?

குறுகலான வழிதான். முழுக்கத் தனியாரான கல்வி நிறுவனத்தில், சட்டவிதியின் பின்பலம் இல்லாத பணித் தகராறுக்கு ரிட் செல்லாது என்று 2022ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலாளர் நீதிமன்றமும் இல்லை, ஆசிரியர் தொழில் தகராறு சட்டப்படி தொழிலாளர் ஆகமாட்டார் என்று 1988லேயே சொல்லிவிட்டார்கள். 1976 சட்டத்தின் கீழ் வரும் கல்லூரியானால் அந்தச் சட்ட மீறலைக் காட்டலாம், இல்லையென்றால் நியமன ஒப்பந்தத்தை வைத்து சிவில் கோர்ட். அதனால் சேரும்போதே ஆர்டரில் பதவி உயர்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆவணம் எதுவும் கையில் இல்லை. ஆபீஸில் கேட்டால் தர மாட்டேன் என்கிறார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள். பொத்தாம்பொதுவாக எனக்கு அநியாயம் நடந்தது ஏன் என்று கேட்காதீர்கள், பதில் வராது. இன்ன தேதித் தேர்வுக்குழு நடவடிக்கைக் குறிப்பின் நகல், இன்ன வருஷத்துச் சீனியாரிட்டி பட்டியல், அதற்கு வந்த ஆட்சேபனைகள் மீது போட்ட ஆணை, என் பணிப்பதிவேட்டின் முழு நகல் என்று தாள் பெயர் சொல்லிக் கேளுங்கள். முப்பது நாளில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பணிப்பதிவேட்டில் சேர்ந்த தேதி, தகுதிகாண் பருவம் முடிந்த தேதி, எம்.பில்., பி.எச்.டி. பதிவுகள் இந்த நாலும் சரியாக ஏறியிருக்கிறதா என்று வருஷம் ஒருமுறை பாருங்கள்.

கேஸ் முடிவதற்குள் ஓய்வு பெற்றுவிட்டால்?

கேஸ் செத்துவிடாது. ஜெயித்தால் கற்பிதமாக, அதாவது கணக்கில் மட்டும், அந்தப் பழைய தேதியிலிருந்து பதவி உயர்வு கொடுத்து, அதன்படி ஓய்வூதியத்தைத் திருத்தச் சொல்வார்கள். இடைப்பட்ட காலச் சம்பளப் பாக்கி கிடைப்பது வழக்குக்கு வழக்கு மாறும். வேலை செய்ய நீங்கள் தயாராக இருந்தும் அவர்கள்தான் தடுத்தார்கள் என்று காட்ட முடிந்தால் வாய்ப்பு கூடும். மனுவில் வேண்டுகோள் எழுதும்போதே பாக்கியையும் ஓய்வூதியத் திருத்தத்தையும் தனித்தனி வரியாகக் கேட்கச் சொல்லுங்கள், பின்னால் சேர்ப்பது தலைவலி.